கடைசி சீனுக்கு முன்னால் வரும் போலீஸ்

பெங்களூர் ஆடுகோடியில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: “இந்தத் தபா கதை முடியறதுக்கு முன்னாடியே நான் வந்துடுவேன் பாரு.”

ஐம்பது வயதிருக்கும். சீரியல்களில் போலீஸாக நடிப்பவர். மல்லேஸ்வரத்தில் ஒரு புது சீரியலுக்கு இன்று ஆள் எடுக்கிறார்களாம். ஜன்னல் வெயில் அவர் மீசையில் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது.

“இருபது வருசமா, எல்லாம் முடிஞ்சப்புறம் ஜீப்ல வந்து விலங்கு மாட்டுவேன். இப்ப இன்ஸ்பெக்டருக்கு வீடு, பொண்டாட்டி, சண்டை எல்லாம் காட்டுறாங்க.”

“இன்னா நடிச்சுக் காட்டணுமாம்?”

“டூட்டி முடிஞ்சு வந்து, பொண்டாட்டிகிட்ட பேசிக்கினே பாத்திரம் கழுவணும்.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அந்த அம்மா சிரித்தார். “நீயா? வீட்ல ஒரு டம்ளர் கழுவிருக்கியாய்யா?”

“சல்யூட் மாதிரிதான். பழகிட்டா கை தானா வரும்.”

“ஒரு வாரமா நான் கழுவுறத பாத்துக்கினே நின்னியே, இதுக்குத்தானா?”

“ஆமா. மொதல்ல அடி, அப்புறம் விளிம்பு. கரெக்டா?”

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. நிறுத்தம் வந்து கணவர் எழுந்ததும், காலையில் இட்லி தின்று முடித்த டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இதையே கழுவிக் காட்டு. வேஷம் கெடச்சாலும் கெடைக்காட்டியும் டப்பா சுத்தமா வீட்டுக்கு வரணும்.”