மணல்திட்டில் விடப்பட்ட ஒன்பது பேர்

தலைமை நாற்காலியில் தவிப்போடு அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு நிற்கும் தாய்மார்களே! வலையோடு முதுகுவலியையும் சேர்த்து இழுக்கும் பெரியவர்களே! பொத்தானெல்லாம் பளபளக்க என் பக்கத்தில் வீற்றிருக்கும் முன்னாள் ஆளுநர் கெர்லூவான் அவர்களே! மாலுமி கூல்வெனின் வணக்கம்.

இவருக்குக் கோயில் வாசலில் கல் நட வேண்டுமாம்! பாராட்டி ஐந்து பேர் பேசிவிட்டார்கள். ஆறாவதாக, யாரும் அழைக்காமலே நான் ஏறியிருக்கிறேன். வயிறு எரிந்து ஏறியிருக்கிறேன்.

இருபது வயதில் எதிரிக் கப்பலின் கொடியை இறக்கினார், உண்மை. முப்பதில் கப்பல் தலைவர் ஆனார், உண்மை. நாற்பதில் கிழக்குத் தீவுகளை ஆளப் புறப்பட்டார், அதுவும் உண்மை. போகிற வழியில் நடந்ததை அந்த ஐவரில் ஒருவராவது சொன்னாரா? கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. மிஞ்சிய ஒரே படகில் இவரும் அதிகாரிகளும் ஏறிக்கொண்டார்கள். என்னையும் சேர்த்து நம் ஊர்க்காரர் பத்துப் பேரை அந்தத் திட்டிலேயே விட்டார்கள். "ரெண்டே மாசம்டா! கப்பல் அனுப்புறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பினோம், பாவிகள் நம்பினோம்!

பதவி ஏற்றார், பந்தியில் அமர்ந்தார், பங்களா கட்டினார். கப்பல் அனுப்பினாரா? என்ன, சத்தமாகச் சொல்லுங்கள்... இல்லை! கடிதம் அனுப்பினார். 'பத்துப் பேரும் மூழ்கினர்' என்று நம் கோயிலுக்கே அனுப்பினார்!

நம் ஊர் என்ன செய்தது? உடல் கரை சேராதவனுக்கு இந்தத் தீவில் செய்வதைச் செய்தது. மெழுகில் சிலுவை வார்த்து, வெள்ளைத்துணியில் கிடத்தி, ஊரே சுற்றி நின்று அழுது, கோயில் மாடத்தில் வைத்தது. பதிவேட்டில் பத்துப் பேரும் இறந்தவர்கள். மூச்சோடு இருந்தவனுக்கு மெழுகு வார்த்த ஊர் வேறெங்காவது உண்டா?

ஏழு ஆண்டு கழித்து, மற்ற ஒன்பது பேரும் உயிரோடு அங்கேயே காத்திருக்க, ஒருவனைத்தான் தாங்கும் தெப்பத்தில் நான் புறப்பட்டேன். யாரோ ஒரு கப்பல்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டார். வீட்டுக் கதவைத் தட்டினால், என் அம்மா தீர்த்தத்தை முகத்தில் விசிறியடிக்கிறாள்! "உனக்குப் பூசையெல்லாம் குறையில்லாம பண்ணியாச்சேடா! இன்னும் என்னடா வேணும்?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு அன்னாயிக் அம்மா சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து, "என் துத்வால் இருக்கானாடா?" என்றாள். "இருக்கான்மா. ஆமை முட்டை தின்னு அலுத்துப்போய், உங்க ஓட்ஸ் கஞ்சியக் கேட்டு எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

துறைமுக அதிகாரிகளிடம் ஓடினோம். "பதிவேட்டுல செத்தவங்களக் கூட்டிவரக் கப்பல் தர முடியாதுப்பா" என்றார்கள். பங்குத்தந்தையோ, "சிலுவை வெச்சாச்சு, ஆளுநர் கையெழுத்து இருக்கு, பதிவேட்டுல பேர நான் எப்படி அடிக்கிறது?" என்கிறார். என் பெயரையே இன்னும் அடிக்கவில்லை, ஐயா! செத்தவன்தான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்!

புயல்காலம் தொடங்குமுன் கப்பல் கிளம்பியாக வேண்டும். ஆளுநரே, எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் விட்டுப்போனபோது அவர்கள் உயிரோடு இருந்தார்களா, இல்லையா? எங்கே நழுவுகிறீர்கள்? தாய்மார்களே, வழிவிடாதீர்கள்!

இதோ, அன்னாயிக் அம்மா மேடை ஏறுகிறாள். மகனின் மெழுகுச் சிலுவையை இவர் கையில் வைக்கிறாள். "ஐயா, எம்புள்ள செத்துட்டான்னு என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போயிடுறேன்."

என்ன, ஐயா? உதடு அசைகிறது, காதில் விழவில்லையே! பீரங்கி முழக்கத்தையும் மீறிக் கட்டளையிட்ட தொண்டைதானே இது?... கேட்டீர்களா? "இருந்தாங்க" என்கிறார்! "பத்துப் பேருமே உயிரோட இருந்தாங்க" என்கிறார்!

பங்குத்தந்தையே, இறகை மையில் தோயுங்கள். முதல் பெயர் துத்வால். அடியுங்கள்! என் பெயரைக் கடைசியில் அடித்தால் போதும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. அந்த ஒன்பது பேருக்கும் நம் ஊரின் வணக்கத்தை நான் நேரிலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன்.