மனுசி எடுத்த இன்சூரன்ஸ்

லண்டனில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் எனக்கு எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஹரோ ஸ்டேஷன் தாண்டியதும் இளையவர் சொன்னார்:

“நான் குடிச்சிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டதாலதான் எங்கட வீட்டுக்கு ஒரு நல்ல டிரைவர் கிடைச்சுது, அண்ணை.”

“ஆர்?”

“என்ர மனுசிதான். கோர்ட்டில என்ர லைசென்சை ஒண்டரை வருசத்துக்குப் பறிச்சவங்கள். அந்தக் கிழமையே அவ டிரைவிங் பழகத் தொடங்கிட்டா. முதல் டெஸ்டிலேயே பாஸ்.”

“இப்ப உம்மட லைசென்ஸ் திரும்பி வந்திட்டுதெல்லே?”

“வந்திட்டுது. ஆனா இன்சூரன்ஸ் தர ஆளில்லை. குடிச்ச கேஸ் எண்ட உடனே ஏலாது எண்டிடுவாங்கள்.”

“அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அவ விடேல்லை. போனை வாங்கித் தானே கதைச்சா. ‘கார் என்ர பேரில, நான்தான் கூடுதலா ஓடுறனான். என்ர மனுசனையும் சேருங்கோ. அவர் குடிச்சுப் பிடிபட்டவர். இப்ப தொடுறேல்லை, அதுக்கு நான் சாட்சி’ எண்டா. நாலாவது கொம்பனி ஓம் எண்டது.”

“உமக்கு வெக்கமா இருக்கேல்லையோ?”

“இருந்தது. இன்சூரன்ஸ் பேப்பர் வந்த அண்டைக்கு அவ சாவியை என்ர கையில தந்து, ‘ரெய்னர்ஸ் லேன் கடை வரைக்கும் ஓடுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்’ எண்டா.”

“ஓடினீரோ?”

“ஓம் அண்ணை, வழியில ரெண்டு தரம் எஞ்சின் நிண்டு போச்சு. கடைக்கு முன்னால நிப்பாட்டின உடனே, ‘என்னை விட நல்லா ஓடுறீங்கள்’ எண்டா.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

“இந்த விசயத்தில அவ சொன்ன ஒரே பொய் அதுதான்.”