ஹலாபாச் சம்பந்தம்

சிவானந்தன்: மதத்தைப் பிறகு பாப்பம் தம்பி. முதல்ல பகுதியைச் சொல்லு.

கிளெமென்ற்: அண்ணே, டீயக் குடிச்சிட்டுச் சொல்றனே...

சிவானந்தன்: தேத்தண்ணி ஓடிப் போகாது. மகள் மிதுனா இப்ப எதியோப்பியாவில இருந்து கோல் எடுப்பாள். அந்தப் பெடியனைக் கட்டலாமோ இல்லையோ எண்டு நான் சொல்லோணும்.

இரத்தினம்மா: கொட்டாஞ்சேனையில இருந்து இந்த வெயிலுக்க பஸ்ஸில வெள்ளவத்தைக்கு வந்த மனுசன். ஒரு வாய் குடிக்க விடுங்கோவன்.

கிளெமென்ற்: பரவாயில்லக்கா. எங்க கப்பல் ஜிபூட்டி ஹாபர்ல கெடந்திச்சில்ல, அங்க எதியோப்பியா லொறிக்காரங்க வருவாங்க. ஒருத்தன் மாப்பிள்ள நூருவோட ஊருதான். ஹலாபா ஆளு. அவங்கிட்டக் கேட்டேன்.

சிவானந்தன்: நான் சொல்லித் தந்த மாதிரியே கேட்டனி?

கிளெமென்ற்: அப்பிடியே. "நூரு வீட்டுல நீங்க தண்ணி குடிப்பீங்களா?"ன்னேன். பயந்துட்டான். தண்ணியில ஏதும் வியாதியான்னு என்னையத் திருப்பிக் கேட்டான்.

இரத்தினம்மா: ஐயோ... மகள் அங்க தண்ணி ப்ரொஜெக்டில எஞ்சினியர் வேற!

சிவானந்தன்: சிரியாதையும். விசாரிக்கிறதெண்டா இப்பிடித்தான்.

கிளெமென்ற்: நேரா சாதின்னே கேட்டிருக்கலாம்ணே.

சிவானந்தன்: ஸ்... மரியாதைப்பட்டவை அந்தச் சொல்லை வாயில எடுக்கிறேல்லை. பகுதி எண்டு சொல்லு. என்ர அப்பர் ஊரையே ஆண்ட விதானையார், தெரியும்தானே?

கிளெமென்ற்: தெரியாமலா? எங்க தாத்தாவும் விதானையார்தாண்ணே.

சிவானந்தன்: ம்... சரி சரி. ஹலாபாவைச் சொல்லு.

கிளெமென்ற்: நல்ல சனமாம். வட்ட வீடு, செவரு பூரா படம் கீறி வச்சிருப்பாங்களாம். ஆம்பளங்க இந்த உசரத்துக்குத் தொப்பி போடுவாங்களாம். சண்டைன்னா பெரியவங்க கூடிப் பேசித் தீர்த்துருவாங்க. மிளகாத் தோட்டத்துக்குப் பேர்போன ஊராம்.

சிவானந்தன்: மிளகாய்த் தோட்டமோ! யாழ்ப்பாணமேதான். கேட்டனீரோ இரத்தினம், தோட்டம் செய்யிற ஆக்களாம்.

இரத்தினம்மா: நேற்று வரைக்கும் "ஆபிரிக்காக்காரனெண்டா நான் போய்க் கடலுக்க இறங்கிடுவன்" எண்டனீங்கள்.

சிவானந்தன்: ஆபிரிக்கா வேற, தோட்டம் வேற.

கிளெமென்ற்: அண்ணே... நூரு வீட்டுல தோட்டம் இல்ல.

சிவானந்தன்: பின்ன?

கிளெமென்ற்: அங்கயும் பகுதி இருக்காம்.

சிவானந்தன்: என்ன, அங்கயும் இருக்கோ? அப்பாடா... வயித்தில பால் வாத்தாய் தம்பி! ஒழுங்கான சனம்தான். நான் என்னவோ ஏதோ எண்டு...

கிளெமென்ற்: முழுசாக் கேளுங்க. சட்டி பானை செய்றவங்க அங்க தனி. மத்தவங்க பொண்ணு குடுக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. நூரு அந்த வீட்டுப் பையன். அவங்கம்மா பானை செய்றவங்க.

சிவானந்தன்: அவ்வளவு பெரிய கண்டத்தில இவளுக்கு வேற வீடே கிடைக்கேல்லையோ? முடியாது! கோயில்ல நான் ஆரின்ர முகத்தில முழிக்கிறது?

கிளெமென்ற்: பாவங்கண்ணே. சக்கரம்கூட இல்லையாம். பொம்பளைங்க கையாலயே வனைஞ்சு, நெலத்துல அடுக்கி, புல்லப் போட்டுச் சுடுறாங்க. லொறிக்காரன் அந்தம்மா சந்தையில விக்கிற போட்டோவும், சுடுறதும் அனுப்பினான். பாருங்க.

சிவானந்தன்: எனக்கேன் உது... கொண்டா. உதென்ன, கரையில இருக்கிற பானையின்ர அடி கறுத்துக் கிடக்கு? ஈரம் காயேல்லை. நெருப்பில வைச்சா வெடிக்கும், பக்கத்தில இருக்கிறதையும் சேத்து உடைக்கும். நிழல்ல வைச்செல்லோ காய விடுறது!

கிளெமென்ற்: அண்ணே... விதானையார் வீட்டுல சூளையும் இருந்திச்சா?

சிவானந்தன்: பே... பேப்பரில வாசிச்சனான்.

இரத்தினம்மா: ஃபோன் அடிக்குது. மிதுனா.

சிவானந்தன்: எடாதையும்! இரத்தினம்... அவளுக்கு எங்கட கதை தெரியுமோ?

இரத்தினம்மா: நான்தான் சொன்னனான். பெடியன்ர தாயும் எங்களை விசாரிச்சவ. பானைக்காரர் எண்டு பொம்பிளை வீட்டார் தள்ளிப்போடுவினமோ எண்டு மனுசி அழுதவவாம். குசினித் தட்டுக்குப் பின்னால பேப்பரில சுத்தி ஒளிச்சு வைச்சிருக்கிறியளே, உங்கட அப்பர் வனைஞ்ச பொங்கல் பானை... அதைப் படமெடுத்து அனுப்பினனான்.

சிவானந்தன்: ...அதுக்கு மனுசி என்ன சொன்னவ?

இரத்தினம்மா: விளிம்பு வலு திறமாம்.

சிவானந்தன்: ம்... அப்பரின்ர கை. எடும் ஃபோனை, நிண்டு போகப்போகுது. ஓம் எண்டு சொல்லும். சம்பந்தியம்மாவிட்ட அந்தக் கரையில இருக்கிற பானை காயேல்லை எண்டும் சொல்லும்... தம்பி, கோயிலடியில ஆரும் கேட்டா, மாப்பிள்ளை வீடு மிளகாய்த் தோட்டம். விளங்கிச்சோ?

கிளெமென்ற்: விளங்கிருச்சுண்ணே. உங்க அப்பாவும் எங்க தாத்தாவும் விதானையாரா இருந்த மாதிரி.