தறி ஓடாத நாள்

அமாவாசை என்றால் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி ஓடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நெசவுக்காரர்களுக்கு அன்றைக்கு ஓய்வு. பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அதனால்தான் அந்த நாளைப் பொறுக்கி எடுத்தேன்.

என் தங்கை அலமுவை அவள் புருஷன் பரசுராமன் அடித்தான் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். போன வருஷம், எழுபத்தைந்தில், வயிற்றில் இருந்த பிள்ளையோடு சேர்த்து மிதித்தான். பிள்ளை தங்கவில்லை. மாஜிஸ்திரேட் அவனிடம் முச்சலிக்கா எழுதி வாங்கினார். ஒரு வருஷத்துக்கு அலமு இருக்கும் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கக் கூடாது, மீறினால் ஜெயில். அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் தனிக்கட்டைதான். அவன் ஐயம்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனான்.

இரண்டாம் மாதமே, நான் இல்லாத நேரம் பார்த்து வந்து அவள் கையை முறித்தான். கோர்ட்டில் என்ன சொன்னான் தெரியுமா? "அவதாங்க கூப்ட்டா, போனேன். கீழ வுழுந்து கைய ஒடச்சிக்கினா." மாஜிஸ்திரேட் அலமுவைக் கேட்டார். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். பயத்தில் ஆடிய தலை அது. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தாரோ, "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்று கைவிரித்தார்கள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு என் முன்னாலேயே நடந்து போனான். 

எனக்கு வேண்டியது சாட்சி. அமாவாசைக்கு முதல் நாள் ஐயம்பேட்டைக்குப் போய், "அலமு உன்ன வரச் சொல்றாப்பா" என்றேன். சின்னப்பையன் என்று பேருள்ள ஒருத்தன் அவளோடு சிரித்துப் பேசுகிறான் என்றும் காதில் போட்டு வைத்தேன். அப்படி ஒருத்தன் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் இவன் சும்மா வந்து காபி குடித்துவிட்டுப் போனால் வழக்கு நிற்காதே.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தான். அலமு உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் உள்ளே போனதும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதல் அறை விழுந்த சத்தத்துக்கு நான் அசையவில்லை. ஒடிந்த கையே கோர்ட்டில் எடுபடவில்லை, அறையும் வீக்கமுமா எடுபடும்? எதிர்வீட்டுக் கமலாட்சி ஓடி வந்தாள்.

"என்னா ஜெயம்மா, நின்னுக்கினு இருக்கிறே? கதவத் தொற!"

"இரும்மா. நல்லா கேட்டுக்கோ. நாளைக்கு நீதான் சாட்சி சொல்லணும்."

தாழ்ப்பாளுக்கு நீண்ட அவள் கையைத் தட்டிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. என்னை இழுத்துத் தள்ளிக் கதவைத் திறந்தபோது அலமுவுக்கு மூச்சு இல்லை.

பரசுராமன் இனி வெளியே வரமாட்டான். இந்த முறை யாரும் கைவிரிக்க முடியாது. எனக்கு அது போதும்.

தாழ்ப்பாள் போட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அலமுவைக் கேட்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஐயம்பேட்டையிலிருந்து திரும்பிய சாயங்காலம், "அவன உள்ள தள்ள ஒரு வழி பண்ணட்டுமாடி?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்க்கா" என்றாள். அது சம்மதம்தானே? அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கதவத் தொறக்கா" என்றுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.