மைக் டெஸ்ட் சொன்ன குரல்

அவைக்குத் தலைமையேற்று, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் தலைமையாசிரியர் அவர்களே! என் வலப்பக்கம் வீற்றிருக்கும், எனக்குக் கணக்கும் கையெழுத்தும் கற்பித்த என் வகுப்பாசிரியர் ஐயா அவர்களே! பெற்ற பிள்ளையைப் பள்ளியை நம்பி அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! நாளைக் காலை மீண்டும் வகுப்புக்குள் நுழையப்போகும் ஆசிரியப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

வகுப்பறைக்கு வெளியே இருக்கும் வாய்ப்புகளோடு மாணவரை ஆசிரியர் இணைப்பது எப்படி? இது எனக்குத் தந்த தலைப்பு. இதைப் பேச என்னை ஏன் அழைத்தீர்கள்? படித்தவன், பட்டம் பெற்றவன், பரிசு வாங்கியவன் என்பதால். பாருங்கள், வியாதி அங்கேதான் தொடங்குகிறது.

கைதட்டாதீர்கள். கைதட்டுகிற சங்கதி இல்லை இது.

கூட்டம் தொடங்குமுன் ஒரு குரல், "மைக் டெஸ்ட்" என்றதே, கவனித்தீர்களா? பேச்சும் சிரிப்புமாக இருந்த இந்தக் கூடம் சட்டென்று அடங்கியதே! அந்தக் குரலுக்குரியவன் அதோ, கடைசியில், ஆம்ப்ளிபயர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். என் வகுப்புத் தோழன், ஒரே பெஞ்சு. பட்டப்பெயர் ரேடியோ. "உன் கதையச் சொல்லட்டுமாடா?" என்று காலையில் கேட்டேன். "சொல்லிட்டுப் போ. ஆனா மைக்கக் கடிக்காமப் பேசு, காது வலிக்குது" என்றான்.

மதிய இடைவேளையில் அவன் எங்களுக்குச் செய்தி வாசிப்பான். வெயிலை வாசித்தால் வியர்க்கும். மழையை வாசித்தால் சிலிர்க்கும். அன்றைய தலைமையாசிரியர் எப்படி இருமுவாரோ அப்படியே இருமுவான். அதைக் கேட்டுத்தான் ஐயா அவனை வராந்தாவில் முட்டி போட வைத்தார். அந்தக் குரலை ஐயா அறிவார். குறும்பு என்று அறிவார்.

அப்போது வானொலி நிலையத்திலிருந்து சிறுவர் நாடகத்துக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். ஒரே ஓர் இடம். ஐயா வகுப்பில் சொன்னதும் ரேடியோ எழுந்து கையைத் தூக்கினான்.

"சார், நான் வரேன் சார். நல்லாப் பேசுவேன் சார்."

"உன் வாய இந்த ஸ்கூலே தாங்கல, ரேடியோ வேற தாங்குமா? மொதல்ல கணக்குல பாஸ் பண்ணு."

வகுப்பு சிரித்தது. தூக்கிய கை மெல்ல இறங்கியது. போனவன் யார்? முதல் மாணவன். பேச்சுக்கு அவன், பாட்டுக்கு அவன், படம் வரையவும் அவன். அந்த அவன் நான்தான்!

கண்ணாடி அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொடுத்த வசனப் பக்கம் முழுவதையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தேன். நிலையத்து அம்மா வெளியே வந்தார்.

"நல்லாப் படிக்கிற பிள்ளைதான் சார். நல்லாப் பேசுற பிள்ளை உங்க ஸ்கூல்ல யாரும் இல்லையா?"

"இவன்தாம்மா எங்க முதல் மாணவன்" என்றார் ஐயா.

கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. ஐயா தலையசைக்கிறார்; நினைவிருக்கிறது போலும். திரும்பும் வழியில் என் தலையைத் தடவி, "விடுடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவையும் என்னைத்தான் அனுப்பினார், ஓட்டப்பந்தயத்துக்கு! சிரியுங்கள். கடைசியாக வந்தேன். என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் ரேடியோ ஓடிவந்து கேட்டது ஒன்றே ஒன்று: "மைக் எப்பிடிடா இருந்துச்சு? கிட்ட நின்னு பேசணுமா, தள்ளி நின்னா?"

அதற்குப் பிறகு அவன் வகுப்பில் கை தூக்கவே இல்லை. படிப்பை விட்டான், ஒலிபெருக்கிக் கடையில் பெட்டி தூக்கினான். இன்று கடை அவனுடையது. ஊரில் யார் பேசினாலும் மைக் அவனுடையது. அதில் அவன் பேசுவது மட்டும் இரண்டே சொல்: மைக் டெஸ்ட்.

ஆசிரியப் பெருமக்களே! அச்சகத்துக்குப் போங்கள், ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள், நாடகக் கொட்டகைக்குப் போங்கள். உங்களுக்கு எப்படிப்பட்ட பிள்ளை வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து எதைப் பார்ப்பீர்கள்? மதிப்பெண்ணையா? மதிய இடைவேளையைப் பாருங்கள்! எவனை எதற்காக முட்டி போட வைத்தீர்களோ, அதையே ஒரு முறை உற்றுப் பாருங்கள்! போன முறை போன பிள்ளையை இந்த முறை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்!

நன்றியுரையை அந்தக் குரலில் கேட்க எனக்கு ஆசை. தலைவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். ரேடியோ, மேடைக்கு வாடா. மைக் உன்னுடையதுதானே, வா.

கையை ஆட்டுகிறான். வரமாட்டானாம். ஐயாவே எழுந்து நின்று கூப்பிடுகிறார், பாருங்கள்... குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்கிறான். அந்த ஒயரில் ஒரு கோளாறும் இல்லை.

வற்புறுத்தாதீர்கள், ஐயா. உட்காருங்கள். அவன் வருகிறேன் என்று சொன்ன நாள் ஒன்று இருந்தது. அன்று நாம் கூப்பிடவில்லை.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், என் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்த்த அவனுக்கும் நன்றி. வணக்கம்.