பல் வைத்த முத்திரை

வயது பதினெட்டுக்குக் கீழ் என்பதால் என் பெயரைத் தனி உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தெருவில் என்னை வாலு என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் கூப்பிடுவது வேறு, அது இந்த வாக்குமூலத்தில் தேவையில்லை என்று ஸ்டேஷன் அதிகாரி மேடம் சொல்லிவிட்டார். வயது பதினாறு, பதினோராம் வகுப்பு. முகவரி: லாண்டரிக்குப் பின்சந்து, மூன்றாவது மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள ஒற்றை அறை. என் பக்கத்தில் பாதுகாவலராக உட்கார்ந்திருப்பவர் என் அம்மா. மேற்படி லாண்டரியில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறார். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். "நடந்ததை நடந்த வரிசையில எழுது. நக்கல் வேண்டாம்" என்று மேடம் சொன்னார். வரிசைக்கு நான் பொறுப்பு. எழுதத் தொடங்கும் நேரம் இரண்டு ஐம்பது. தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள நீதிமன்றக் கட்டணக் கவுன்ட்டரை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். ஆகவே கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மா ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி, படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் ரோலர் மெஷின் ஒன்று வாங்கினார். கீழே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து அதில் வைத்திருந்தோம். இரண்டு விடுதிகளிலிருந்து துணி வந்தது. அதன் பிறகு ஒரு விடுதியை மூடிவிட்டார்கள், இன்னொரு விடுதிக்காரர் சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டார். தவணை நின்றது. அதன் பிறகு நிறுவனத்து ஆட்கள் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிளக்கையும் நாலு முழ வயரையும் மட்டும் மறந்துவிட்டுப் போனார்கள், அது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மெஷின் போனாலும் கடன் போகவில்லை. அம்மா லாண்டரியில் கூலிக்குச் சேர்ந்த பிறகும் வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருந்தது.

வசூலுக்கு வருபவரை நாங்கள் 'அஞ்சு-பத்து' என்போம். தினமும் சரியாக மாலை ஐந்து பத்துக்குக் கதவைத் தட்டுவார் என்பதால் அந்தப் பெயர். அவரிடம் எங்களால் கொடுக்க முடிந்ததும் அஞ்சு பத்துதான். ஒரு முறை நான் எங்கள் கதவு எண் தகட்டைக் கழற்றி இரண்டாவது மாடியில் மாட்டிவிட்டேன். இரண்டு நாள் அவர் முடி வெட்டுகிறவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் முடி வெட்டிக்கொண்டு மேலே வந்தார். இதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று மேடம் சொல்வதால் அடுத்ததற்கு வருகிறேன்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் அவர் நேராக லாண்டரி கேட்டுக்குப் போய் நின்று, உள்ளே கேட்கும்படி அம்மாவைக் கூப்பிடுவார். மூன்று முறை அப்படி நடந்தது. அதன் பிறகு மேஸ்திரி அம்மாவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை அந்தாளு கேட்டுல நின்னா, நீங்க கேட்டுக்கு உள்ள நிக்க வேண்டியதில்லைக்கா" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அம்மா சாப்பிட்ட தட்டை இரண்டு முறை கழுவினார்.

அதன் பிறகு, அதாவது இன்றைக்கு நான்கு வாரங்களுக்கு முன், அம்மா திவால் மனு போட முடிவு செய்தார். மனு எண் விழுந்துவிட்டால் யாரும் வாசலில் வந்து கேட்கக் கூடாது, சம்பளத்தில் கை வைக்கவும் கூடாது. ஆனால் எண் விழக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் அம்மாவின் பதினேழு நாள் கூலி. கையில் பணம் இல்லை என்று சொல்வதற்கே கை நிறையப் பணம் வேண்டும் என்று நான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

ஏழைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்று யாரோ சொன்னதால், விடுப்புப் போட்டு நாங்கள் இருவரும் கவுன்ட்டருக்குப் போனோம். டோக்கன் எண் அறுபத்தெட்டு. மூன்று மணி நேரம் நின்றோம். கவுன்ட்டரில் இருந்தவர் அம்மாவின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "கணக்குல பணம் இருக்கேம்மா" என்றார்.

"பதினோரு நாள் கூலி சார். உங்களுக்குக் கட்டத்தான் சேர்த்து வெச்சேன்."

"அஞ்சு நாள் கூலிக்கு மேல இருந்தா விலக்குக் கிடையாதும்மா."

"கட்டிட்டா இருக்காதே சார்."

"கட்டறதுக்கு முழுசா இல்லையே."

"அப்ப எடுத்துட்டு வரட்டா?"

"மூணு மாசக் கணக்கைப் பார்ப்போம். எதுக்கு எடுத்தீங்கன்னு கேப்போம்."

தவணையில் கட்டலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். "கடனை அடைக்க முடியலன்னு சொல்றதுக்கு ஒரு கடனா, வேண்டாம் சார்" என்று சொல்லி அம்மா படிவத்தை வாங்கவில்லை. அதை நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். கட்டணம் கட்டச் சேமித்த ஒரே குற்றத்துக்காக எங்களுக்கு ஏழை என்ற தகுதி போனது. இன்னும் ஆறு நாள் கூலி வேண்டும். அம்மா மறுநாள் முதல் காலை ஐந்து மணிக்கே வேலைக்குப் போய், மாலை ஆறரைக்குத் திரும்பத் தொடங்கினார். அந்த வாரமே நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. சம்பளத்தில் பாதியைப் பிடிக்க உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். அமலாகும் தேதி நாளை, அதாவது இன்றைக்குள் மனு எண் விழுந்தாக வேண்டும்.

அதாவது அம்மா ஆறரைக்குத்தான் வருவார், அஞ்சு-பத்து ஐந்து பத்துக்கே வந்துவிடுவார். அவர் கேட்டுக்குப் போகாமல் வீட்டு வாசலிலிருந்தே திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் வேலையும் இல்லை, மனுவும் இல்லை. அதன் பிறகு நான் செய்தவை வருமாறு.

தவணைப் படிவத்தில் இருந்த தலைப்பைப் பார்த்துப் பள்ளிக் கணினி அறையில் ஓர் அறிவிப்பு அடித்தேன். மனு ஏற்கப்பட்டது, எண் அறுபத்தெட்டு, இவ்வீட்டாரை வசூலுக்காக வீட்டிலோ வேலையிடத்திலோ அணுகக் கூடாது என்று அதில் இருந்தது. எண் டோக்கனிலிருந்து எடுத்தது. அதன் பிறகு முத்திரை. சோடா பாட்டில் மூடியை மையில் அழுத்தி வட்டம் போட்டேன். நடுவில் வைக்கும் தராசுக்கு ரப்பர் வேண்டும். என் அழிரப்பர் சிறியது. இரவு அம்மா தூங்கிய பிறகு பார்த்தால், கட்டிலுக்கு அடியில் அவருடைய நீலச் செருப்பு கிடந்தது. இடது குதிகாலில் நாணயம் அளவுக்கு பிளேடால் வெட்டி எடுத்துத் தராசு செதுக்கினேன். அது தராசு போல வரவில்லை, சட்டை மாட்டும் ஹேங்கர் போல வந்தது. இது அப்போது அம்மாவுக்குத் தெரியாது.

மறுநாள் ஐந்து மணிக்கு அறிவிப்பைக் கதவில் ஒட்டினேன். ஐந்து பத்துக்கு அவர் வந்தார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். இரண்டு முறை படித்தார். கையில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஆறு மணிக்கு நான் அதைக் கிழிக்காமல் கழற்றிப் புத்தகத்துக்குள் வைத்தேன். இப்படி ஒன்பது நாள் ஐந்து மணிக்கு ஒட்டி ஆறு மணிக்குக் கழற்றினேன். என் வாழ்க்கையிலேயே நேரம் தவறாமல் செய்த முதல் வேலை அது. ஒரு நாள்கூட அவர் கேட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஒன்பது நாளும் வந்து, காகிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார். ஒன்பதாம் நாள் போனில் படம் எடுத்தார்.

அந்த ஒன்பது நாளும் அம்மா அந்தச் செருப்பில் நின்றுதான் இஸ்திரி போட்டார். "தேஞ்சு ஓட்டையாயிடுச்சுடி" என்று சொல்லி அட்டையை நாலாக மடித்துக் குதிகாலுக்குள் வைத்துக்கொண்டார். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று மாலை ஆறு நாள் கூலியும் சேர்ந்துவிட்டது. இன்று காலை அம்மா பதினேழு நாள் கூலியையும் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனார். எங்களுக்கு முன்னால் அஞ்சு-பத்து அங்கே நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டர்காரர் போனில் இருந்த படத்தை அம்மாவிடம் காட்டி, "இது யாரு போட்டது? அறுபத்தெட்டு வேற ஆளோட எண். அதோட எங்க முத்திரைக்குப் பல்லு கிடையாதும்மா" என்றார். அம்மா படத்தை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார் போட்டேன்" என்றார்.

போலி ஆவணம் செய்தவரின் மனுவை வாங்க முடியாது, நாலு மணிக்குள் ஸ்டேஷனிலிருந்து இவர் மேல் குற்றமில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று கவுன்ட்டர்காரர் சொன்னார். ஒரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தோம், அஞ்சு-பத்தும் புகார் சொல்லக் கூடவே வந்தார். அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் பெஞ்சில் இருந்தேன், கதவு முழுதாக மூடவில்லை. எதால் ஒட்டினீர்கள் என்று கேட்டதற்கு அம்மா "பசை" என்றார். முத்திரை எங்கே செய்தீர்கள் என்றதற்கு "கடையில" என்றார். நான் எழுந்து உள்ளே போய், "மேடம், அவங்களுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வரும். அதனால நான் சொல்றது உண்மை" என்றேன். இது சரியான வாதம் இல்லை என்று மேடம் சொன்னார்.

அதன் பிறகு என் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தவை: அறிவிப்பு ஒன்று, அதன் நான்கு மூலையிலும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கு செல்லோடேப், சோடா மூடி ஒன்று, செதுக்கிய நீல ரப்பர் துண்டு ஒன்று. அம்மாவின் வருகை அட்டையையும் மேடம் வாங்கிப் பார்த்தார். அந்த ஒன்பது நாளும் வேலை முடிந்த நேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு மேடம் அம்மாவின் இடது செருப்பைக் கழற்றச் சொன்னார். அட்டையை எடுத்துவிட்டுத் துண்டை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அம்மா செருப்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

இதுவரை நான் எழுதியதை மேடம் படித்துப் பார்த்தார். மணி மூன்று நாற்பத்தொன்று. ஒரு சீட்டில் 'மனுதாரர் மீது குற்றச்சாட்டு இல்லை' என்று எழுதி, முத்திரை வைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாதுகாவலர் பக்கத்தில் இல்லாமல் நான் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது விதி.

"போம்மா."

"நீ எழுதி முடி. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"நாலு மணிக்கு மூடிருவாங்கம்மா!"

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்டி."

"ஸ்டேஷன்ல இருக்கேன்ம்மா. இதவிடப் பத்திரமா என்னை எங்க வெச்சிருக்க நீ?"

நான்கு முறை போகச் சொன்னேன், நான்கு முறையும் அம்மா மறுத்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். மணி மூன்று நாற்பத்தெட்டு. அப்போது மேடம் என் கையிலிருந்த

மேடம் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். "மை தீர்ந்துபோச்சு. வேற பேனா வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் எழுத்து வேலை இல்ல. பாதுகாவலர் தேவையில்ல" என்றார். பேனா நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தது. மேடத்தின் சட்டைப் பையில் இன்னும் இரண்டு இருந்தன. அம்மா அவரை ஒரு முறை பார்த்தார். அதன் பிறகு வலது செருப்பையும் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு ஓடினார். பெஞ்சில் இருந்த அஞ்சு-பத்து காலை மடக்கி வழி விட்டார்.

காத்திருந்த நேரத்தில் மேடம் என்னிடம், "மூடிக்கு எத்தனை பல்லு?" என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். "எண்ணினியா?" என்றார். எண்ணினேன் என்றேன். அதன் பிறகு இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு மணி ஆனது. நான்கு ஐந்து ஆனது. நான் மூடியை மறுபடியும் எண்ணினேன்.

நான்கு எட்டுக்கு அம்மா வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே ரசீதை மேசையில் வைத்தார். கட்டணம் பெற்ற நேரம் மூன்று ஐம்பத்தெட்டு. மனு எண் எழுபத்தைந்து. கீழே இருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரம் வழவழவென்று இருந்தது, பல் இல்லை. நடுவில் இருந்தது தராசு.

மூச்சு சீரானதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என் செருப்பு எங்கடி?"

இடது செருப்பு சான்றுப் பொருள், வழக்கு முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்று மேடம் சொன்னார். வலது செருப்பைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவும் கொடுத்தார், அதே பேனா. அடுத்த புதன்கிழமை சிறுவர் குழுவின் முன் நான் ஆஜராக வேண்டும் என்றும் சொன்னார். ஆஜராவேன். என் செருப்பைக் கழற்றி அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். அளவு பெரியது, ஆனால் ஓட்டை இல்லை.

மேலே எழுதியதை அம்மாவுக்குக் கேட்கும்படி நானே வாசித்தேன். எதையும் கூட்டவில்லை, அம்மாவுக்காக எதையும் குறைக்கவில்லை. பொய்யாக இருந்தது அந்த முத்திரை மட்டும். அதைச் செய்தது நான் மட்டும்.

வாக்குமூலம் அளித்தவர்: (கையெழுத்து)

பாதுகாவலர், தாய்: (கையெழுத்து)

நேரம்: மாலை நான்கு நாற்பது.