ஆமை வாங்கிய முட்டை

— மவுஸிலேர்ந்து கையை எடு தம்பி! அதை அழிச்சே, அப்புறம் அண்ணின்னு கூப்பிடாதே.

— ஐயோ அண்ணி, தேர்வுக் குழு பக்கத்து ரூம்ல காபி குடிச்சிட்டிருக்கு. வகுப்பே முழு மார்க், இந்த ‘ஆமை’ மட்டும் முட்டை! இதைப் பார்த்தாங்கன்னா என் கம்ப்யூட்டர் விளையாட்டை எந்த ஸ்கூல்லயும் விடமாட்டாங்க. ரெண்டு வருஷ உழைப்பு!

— பசங்களை மிருகப் பேர் வெச்சுக்கிட்டு ஆடச் சொன்னது நீதானே? இந்த வகுப்பு சயின்ஸ் டீச்சர் நான் கேக்குறேன், ஆமை ஆடினதை ஒருதரம் ஓட்டிக் காட்டு.

— இதோ, பாருங்க. குளத்து மீன் ஏன் சாகுதுன்னு கண்டுபிடிக்கணும். மத்த பசங்க வந்ததும் ‘ஆலைக் கழிவு’ன்னு விடை பட்டனைத் தட்டிட்டு எழுந்து போயாச்சு. இது பட்டன் பக்கமே போகல. சும்மா ஆலைக் கழிவு வர்ற குழாயை மூடிக்கிட்டே...

— ரெண்டு குளம் இருக்கே, எதுல மூடுது?

— இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தைத் தொடவேயில்ல.

— அடி என் தங்கமே! ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணை அப்படியே விட்டு வெச்சிருக்காடா. அப்புறம்?

— ரெண்டுலயும் மீன் செத்துடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து. இப்போ உரத்தை மட்டும் நிறுத்துது. அப்பவும் செத்துடுச்சு. சூட்டை மட்டும் குறைக்குது... அண்ணி, ஒவ்வொண்ணா மாத்துது! என் புரோகிராமை நான்கூட இவ்வளவு பொறுமையா சோதிச்சதில்ல.

— எல்லாத்தையும் சேர்த்து மூடினா?

— அதையும் விடல. அப்பவும் மீன்... அட கடவுளே!

— என்னடா, முகம் வெளுத்துப் போச்சு?

— விறுவிறுப்பா இருக்கட்டும்னு உள்ளே ஒரு கடிகாரம் வெச்சேன். நேரமானா மீன் சாகும் அண்ணி. யார் எதை மூடினாலும் சாகும்!

— அப்போ முழு மார்க் வாங்கினவங்க?

— பாடப்புத்தகத்தை ஒப்பிச்சிருக்காங்க. குளத்தைப் பார்த்தது இந்த ஒரே ஜீவன். அதுக்குப் போய் முட்டை போட்டிருக்கேனே, நான் மனுஷனா!

— கதவு தட்டுறாங்க. அழிக்கப்போறியா?

— போங்க அண்ணி, முதல்ல இதைத்தான் ஓட்டிக் காட்டப்போறேன். தப்பு என் விளையாட்டுலதான்னு நானே சொல்லிடுறேன். திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். ஆனா ஒண்ணுதான் புரியல. இவ்வளவு மூளை இருக்கிற பிள்ளை, போகும்போது ஏதாவது ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போயிருக்கலாமே?

— எப்படி அமுக்குவா? அந்த ஆமை யாருன்னு எனக்குத் தெரியும்; வேற நாட்டுலேர்ந்து இப்போதான் என் வகுப்புல வந்து சேர்ந்திருக்கா. நம்ம எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. உன் கேள்வியையே அவ படிக்கல தம்பி.